மேளத்துக்குப் பின்னால் போகாத கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குள் போய்விடுவேன், பாதி மறந்தும் போகும். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் முதியவர்கள் கூடுகிற இடத்தில் இந்த முறை எங்கள் கதைகளை வைத்து மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். அந்த வேலையைப் பார்க்கிற பிள்ளை வீட்டுக்கே வந்து கேட்டதால் எழுதுகிறேன். மேடையில் ஏறிச் சொல்லச் சொல்லியிருந்தால் வெட்கத்தில் ஒரு சொல்லும் வந்திராது.

போன ஆவணியில் என் பேத்திக்குக் கல்யாணம் நடந்தது. விம்பிள்டனுக்குக் கிட்ட ஒரு மண்டபம். வைகாசியில் ஊர்ச் சண்டையில் அத்தனை சனம் செத்துப்போனபிறகு, அதே 2009ஆம் ஆண்டிலேயே மேளமும் மாலையும் என்று நிற்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாள் முதலே வைத்தாயிற்று, என்ன செய்ய என்றான் மகன். அதோடு மாப்பிள்ளைக்கு ஒரு சிவப்புக் கார் வாடகைக்குப் பிடித்திருந்தான். முன்னால் குதிரைப் படம் போட்ட இத்தாலிக் கார். நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, படுத்திருக்கிற புலி மாதிரி நின்றது.

காரைக் கொண்டுவந்தவர் நம்மவர்தான். கனகாலம் இத்தாலியில், பலேர்மோ என்ற இடத்தில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கல்யாணங்களுக்குக் கார் விடுவது அவருடைய தொழில். மகன் அவரிடம் போய், "அண்ணை, வீதி முனையிலையிருந்து மண்டப வாசல் மட்டும் மேளக்காரருக்குப் பின்னாலை மெல்ல வரவேணும்" என்றான்.

"மெல்ல எண்டால்? நடக்கிற மாதிரியோ?"

"ஓம்."

"தம்பி, இது மாட்டு வண்டில் இல்லை. இழுத்துப் பிடிச்சால் கிளச் கருகிப்போம்."

மகன் சிரித்தபடி அவர் தோளில் கையைப் போட்டான். "கொஞ்சத் தூரம்தானே. நீங்கள் சமாளிப்பியள்."

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதே மாதிரி ஒரு கையை நான் முன்னும் பார்த்திருக்கிறேன்.

மேளக்காரர் வரச் சுணங்கியது. நான் கால் உளைந்து நிற்பதைக் கண்டு கார்க்காரர் கதவைத் திறந்து என்னை உள்ளே இருத்தினார். நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கிற மாதிரி இருந்தது. யாரோ முன்மூடிக்கு மேல் மாலையைச் சுற்ற, இன்னொருவர் "எஞ்சின் சூடாகும், எடுங்கோ" என்று சத்தம் போட்டார். கார்க்காரர் சிரித்தார். "எஞ்சின் பின்னுக்கு. முன்னுக்கு ஒரு சூட்கேஸ் வைக்க மட்டும்தான் இடம்." பாரம் நடுவில் இருந்தால்தான் வளைவில் கார் சறுக்காது, அதனால்தான் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு, எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது, கேட்டுவிட்டேன்:

"தம்பி, மெல்ல ஓடினால் இதுக்கும் பிளக் கறுக்குமோ?"

அவர் திரும்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னம்மா, உங்களுக்கு ஆர் பிளக்கைப் பற்றிச் சொன்னது?"

நான் சொன்ன கதை இதுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சின்ன மாமா, மலைநாட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கார் ஓட்டியாக இருந்தார். துரை தோட்டத்தை விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குப் போகும்போது தன்னுடைய பழைய பந்தயக் காரை மாமாவுக்குத் தள்ளிவிட்டுப் போனார். கப்பலில் ஏற்ற அதற்குப் பெறுமதி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. அது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தி இத்தாலியில் மிலான் என்ற பட்டினத்தில் செய்த கார். முகம் நீளம். ஆட்கள் இருக்க இரண்டே இடம். கூரை இல்லை. சைக்கிளுக்கு இருப்பது போலச் சில்லுகளில் கம்பிகள். எட்டு சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்கும், காற்றை அமுக்கி உள்ளே தள்ள ஒரு சாமானும் இருக்கிறது என்று மாமா மூடியைத் திறந்து காட்டுவார். எங்களுக்கு அது சட்டிபானை அடுக்கிய அடுப்படி மாதிரித்தான் தெரிந்தது. இத்தாலியில் சனம் வீதியின் வலப் பக்கத்தால் போனாலும் அந்தக் காரில் பிடித்துத் திருப்புகிற சுக்கான் வலப் பக்கத்திலேயே இருந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவனுக்குப் பள்ளத்தின் விளிம்பு தெரியவேண்டும், அதற்குத்தான் என்பார் மாமா. எங்கள் ஊரில் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. அவர் பனைகளுக்கு நடுவில் அதை ஓட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடம் பெரியக்காவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை பகுதி கொஞ்சம் முறுக்கான ஆட்கள். பெடியனைக் கோயிலிலிருந்து மோட்டார் காரில்தான் ஊர்வலமாக அழைத்துப் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஒழுங்குசெய்திருந்த வாடகைக் கார் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கதைத்தார். நான் எட்ட நின்று பார்த்தேன், கதை கேட்கவில்லை. மாமா தலையை ஆட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல மெல்ல நகர்த்திக் காட்டினார், பிறகு கையை விரித்தார். அப்பா சிரித்தார். மாமாவின் தோளில் கையைப் போட்டார். மாமா கார் தர மறுக்கிறார், சரியான கஞ்சன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மற்ற நாள் காலை காருக்கு மாலை போட்டு, சந்தனம் தடவி, நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார்கள். மாமா பட்டு வேட்டி கட்டி, இடுப்பில் சால்வையை இறுக்கிச் சுற்றியிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. அவர் காலடியில் பன்னீர்ச் செம்போடு நான். மாப்பிள்ளைத் தோழனுக்கு இடமில்லை, மிதிபலகையில் தொற்றிக்கொண்டு நின்றான். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். பின்னால் இரண்டு பகுதிச் சனமும்.

எங்கள் ஊர்வலம் எப்படிப் போகும் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியாது. மேளக்காரர் நாலடி நடப்பார்கள், நின்று வாசிப்பார்கள். சந்தி வந்தால் வட்டமாக நின்று, யாராவது தலையசைத்து ரசித்தால், அவ்வளவுதான், அசையமாட்டார்கள். முதலாம் சந்தி தாண்டவே கார் இருமத் தொடங்கிவிட்டது. அடுத்த சந்தியில் கறுப்புப் புகை கிளம்பி மேளக்காரரைச் சுற்றியது. தவில்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உங்கடை குதிரைக்கு எங்கடை தாளம் பிடிக்கேல்லை அண்ணை" என்றார். சனம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அவருடைய கால் மட்டும் கீழே ஏதோ செய்துகொண்டே இருந்தது.

வாசிகசாலைக்கு முன்னால் கார் நின்றேவிட்டது.

தோழனும் இன்னும் சில பெடியளும் தள்ளினார்கள். தலைப்பாக் கட்டோடு மாப்பிள்ளை, தேரில் வைத்த சாமி மாதிரி அசையாமல் இருந்தார். வாசிகசாலை வாங்கில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்குள் என் வகுப்புப் பிள்ளைகளும் நின்றார்கள். நான் பன்னீர்ச் செம்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன, எங்கடை பெடியனைத் தள்ளுவண்டிலிலையோ கொண்டுபோறியள்? முகூர்த்தம் தவறினால் நாங்கள் இப்பிடியே திரும்பிப் போறம்" என்றார். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

மாமா இறங்கினார். மூடியைத் திறந்தார். இடுப்புச் சால்வையை அவிழ்த்தார். அதற்குள்ளிருந்து ஒரு சிறிய தகரப் பேணி வந்தது. பேணிக்குள் துணியில் சுற்றிய புதுப் பிளக்குகள், எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி தட்டுகிற சாமான். கொதிக்கிற எஞ்சினுக்குள் கையை விட்டு, கறுத்துப்போனவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, புதியதைப் பூட்டினார். விரல் சுடச்சுட உதறுவார், திரும்ப விடுவார். எனக்கு அது வித்தைக்காரன் சால்வைக்குள்ளிருந்து புறா எடுத்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

கார் பிடித்தது. மாமா அப்பாவைப் பார்த்து, "அத்தான், இனியும் மெல்லப் போனால் திரும்ப நிண்டிடும். விட்டு ஓடட்டோ?" என்றார். அப்பா மேளக்காரரைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். காருக்குள் இருந்த மாப்பிள்ளைதான் உதடு அசையாமல் சொன்னார்: "விடுங்கோ மாமா."

மாமா விட்டார்.

அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியாது. அதுவரை இருமின கார் ஒரேயடியாகத் தொண்டையைத் திறந்து பாடியது. மேளக்காரர் இரண்டு பக்கமும் பாய்ந்து ஒதுங்கினார்கள். தோழன் வீதியில் நின்றுவிட்டான். மாலை பிய்ந்து பூக்கள் எங்கள் முகத்தில் அடித்தன. மாப்பிள்ளையின் தலைப்பா பறந்து ஒரு வேலியில் போய் விழுந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், மாப்பிள்ளையும் சிரித்தார். எங்கள் வாசல் வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு என்று விளங்கியது. அங்கே ஆராத்தித் தட்டில் திரி கூட ஏற்றவில்லை. நாய் குரைத்தது. சமைத்த கையோடு வெளியே வந்த ஒரு மாமி, தலைப்பாவும் இல்லாமல் முகமெல்லாம் புழுதியோடு தனியே வந்து இறங்கின மாப்பிள்ளையைக் கண்டு, "ஐயோ, ஆருக்கும் ஏதும் நடந்துபோச்சோ?" என்று அலறினார்.

ஊர்வலம் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நடந்துவந்து சேர்ந்தது. தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. "மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம். செத்தவீட்டுக்கு நடந்த மாதிரி நடந்தம்" என்று பெரியப்பா பந்தலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்பா எல்லோருக்கும் முன்னால் மாமாவைக் கூப்பிட்டு, "உன்ரை கார் இப்பிடி எண்டு முன்னமே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதோடா? பெருமைக்குக் கொண்டுவந்து என்னை நாறடிச்சுப்போட்டாய்" என்றார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு, "ஓம் அத்தான், என்ரை பிழைதான்" என்றார்.

அவர் சாப்பிடவில்லை. அம்மா சோற்றை இலையில் கட்டி என்னிடம் கொடுத்து ஓடச் சொன்னார். மாமா வாசல் படலையடியில் காருக்குள் இருந்தார். விரல்கள் கொப்புளித்திருந்தன. மாப்பிள்ளை பகுதிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றதால் நான் பொதியை இருக்கையில் போட்டுவிட்டுத் திரும்பினேன். "பிள்ளை" என்று கூப்பிட்டார். கேட்காத மாதிரி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. காரைக் கொழும்பில் யாருக்கோ கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். வாசிகசாலையைத் தாண்டும்போதெல்லாம் பெடியள் கார்ச் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு அழுகையாக வரும். எல்லாம் அந்த மனிசனால் வந்த வினை என்று நான் நம்பினேன். அப்பா கண்மூடும் வரைக்கும் எங்கள் வீட்டில் கதை அப்படித்தான் இருந்தது.

கார்க்காரர் கதை முடியும்வரைக்கும் சுக்கானில் கையை வைத்தபடி கேட்டார்.

"அம்மா, பந்தய எஞ்சினுக்குப் போடுற பிளக் வேகத்துக்குத்தான். மெல்ல ஓடினால் சூடு காணாமல் கறுத்து, எண்ணெய் பிடிச்சு நிண்டிடும். இப்ப இதுகளைக் கொம்பியூட்டர் பார்க்கும். அப்ப ஓட்டுறவன்தான் பார்க்கவேணும்." பிறகு கேட்டார். "அந்தப் பேணி காருக்குள்ளையோ இருந்தது?"

"இல்லைத் தம்பி. இடுப்புச் சால்வைக்குள்ளை."

"காருக்குள்ளை எண்டால் வழக்கமா வைக்கிறது எண்டு சொல்லலாம். கலியாணச் சால்வைக்குள்ளை கட்டிக்கொண்டு வந்தவர் எண்டால், அண்டைக்கு நிக்கும் எண்டு தெரிஞ்சுதான் வந்திருக்கிறார்."

அதற்குள் மேளம் வந்துவிட்டது. என்னைக் கைபிடித்து இறக்கினார்கள். மாப்பிள்ளை ஏறினார். கார் மேளத்துக்குப் பின்னால் உறுமி உறுமி மண்டப வாசல் மட்டும் வந்து சேர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மகன் கையைத் தட்டினான். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்குள் கிணற்றடிதான் நின்றது. கவிழ்ந்த உள்ளங்கை, மெல்ல மெல்ல நகர்ந்த அந்தக் கை, பிறகு விரித்த கை. மெல்லப் போனால் கார் நிற்கும் என்று அவர் முதல் நாளே சொல்லித்தான் இருக்கிறார். அப்பாவுக்கு அது தெரியும். பந்தலில் அப்பாவுக்கு முன்னால் நின்றபோது மாமாவுக்கும் தெரியும், தெரிந்தும்தான் பிழையைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அவ்வளவு சனத்துக்குள்ளும், கிணற்றடியில் பார்த்திருந்தும் விளங்காமல் நின்றது நான்தான்.

இதை அச்சில் போட முதல், இத்தாலிக் கார்களைப் பற்றித் தெரிந்த யாராவது ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். எட்டு சிலிண்டர் என்று எழுதினது சரியா, சுக்கான் வலப் பக்கம் என்றது சரியா, மெல்ல ஓடினால் பிளக் கறுக்கும் என்று அந்தத் தம்பி சொன்னது உண்மையா என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பிழையென்றால் வெட்டிவிடுங்கள். பந்தலில் மாமா அப்பாவுக்குச் சொன்ன அந்த ஒரு வசனத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம். அதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் அப்படியேதான் சொன்னார்.