எஃப் போட்ட சரக்கு

கொடகவெலைப் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் வேலுசாமிக்கு இருபத்துமூன்று வருடமாகத் தூள் சலிக்கும் வேலை. இங்கிலீசு வாசிக்க வராது. ஆனால் சலித்த தூள் மூட்டையில் அவரே அச்சால் குத்தும் தர எழுத்துகள் அத்தனையும் அத்துப்படி. எஃப் விழுந்த தூளுக்கு ஏலத்தில் தனி மவுசு என்பது அவருக்கு மனப்பாடம்.

மகள் லோஷினிக்குப் பதினெட்டு வயது. எலும்பில் புற்று. வலது காலை எடுத்தும் அது விடவில்லை. “இனி வீட்டுல வச்சிப் பாத்துக்குங்க” என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதன் அர்த்தத்தை வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லோஷினிக்கும்தான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மாதக்கணக்கில் யாரோ ஓட்டும் கார் ரேஸ் கேமைப் போனில் பார்த்தே கிடந்தவள், “ஒரு தடவ நானே ஓட்டணும்ப்பா” என்றாள். பக்கத்துக் காம்பரா வீட்டில் போன் திருத்தும் சுரேந்திரன் எங்கேயோ தேடிப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். பிராசசர் மட்டும் செத்திருந்தது. இருக்கிற காசுக்குள் கேம் ஓடக்கூடியதை லோஷினியே இரண்டு நாள் தேடி, 12100 என்று அதன் மாடல் நம்பரைத் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தாள்.

டவுனில் ஜஸீலின் கம்ப்யூட்டர் கடையில் அதே நம்பரில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் நம்பருக்குப் பின்னால் எஃப். விலையும் குறைவு. உசத்தியான சரக்கை மலிவாகக் கொடுக்கிறாரே, விவரம் தெரியாத மனுசன் என்று வேலுசாமி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“இதுக்குக் கார்ட் வேணும் அண்ணே, இருக்குதானே?” என்றார் ஜஸீல்.

“இருக்குங்க நானா” என்று அவரை அண்ணன் முறை சொல்லி, சட்டைப் பையிலிருந்த பேங்க் கார்டைத் தட்டிக் காட்டினார். பில் எழுதக் குனிந்திருந்த ஜஸீல் அதைப் பார்க்கவில்லை. மிச்சக் காசுக்கு மகளுக்கு ஆப்பிள் வாங்கினார்.

அன்று பின்னேரம் சுரேந்திரன் பிராசசரைக் கம்ப்யூட்டருக்குள் பூட்டினான். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தவன் தலையில் கை வைத்தான்.

“எஃப்னா தனியா கிராபிக்ஸ் கார்ட் போடணும் மாமா. இல்லாட்டி படமே வராது.”

ஸ்டோரில் உசத்தி காட்டும் எழுத்து கடையில் குறை காட்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

லோஷினி தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். “பரவால்லப்பா, நாளைக்கு மாத்திக்கலாம்.” அவள் திட்டியிருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் கடை திறக்குமுன்பே போய் நின்றார். ஜஸீல் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மனைவி வெள்ளையம்மாவின் ஓலம் லயத்துப் படிக்கட்டு வரை கேட்டது. லோஷினி பத்து மணிக்கே போயிருந்தாள். பெட்டியைக் கையில் பிடித்தபடியே வேலுசாமி உள்ளே போனார்.

அது இன்னும் பிரிக்கப்படாமல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் வேலைக்குப் போகிறார், வயிறு கேட்கிறதே. ஆனால் எஃப் அச்சை மட்டும் தொடுவதில்லை. ஒருநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சத்தம் போட்டார்.

“இருபத்துமூணு வருசமா குத்துன எழுத்துதானே, இப்ப என்ன வந்திச்சு?”

“எனக்கு அந்த எழுத்து தெரியாதுங்கய்யா” என்றார் வேலுசாமி.