துணைக்கு இருந்தவள்

என் தங்கச்சிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணைக்கு இருந்தது நான்தான். எங்கள் ஆட்கள் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டார்கள். பாயோ கதிரையோ, கட்டிலுக்குப் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும். அவள் கணவருக்குக் கட்டாரில் வேலை, பிள்ளைகள் இல்லை. எனக்குப் பிலிமத்தலாவையில் சின்னதாக ஒரு தையல் கடை. பூட்டிவிட்டுப் போனால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும்போதும் நான் போய் இருந்தேன்.

அவளுக்குத் தனியே படுக்கப் பயம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணம் கட்டி இத்தனை வருஷமாகியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் "அக்கா, இருக்கியா?" என்றுதான் கேட்பாள். "இல்ல, செத்துட்டேன்" என்பேன். சிரித்துவிட்டுத் திரும்பவும் தூங்குவாள்.

கடைசியாக அவளைச் சேர்த்தது கண்டியில் மேட்டு வீதியோரம் இருந்த ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில். இந்த முறை அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. ஒரு சாதாரணத் தடிமன், சளிகூட ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார்கள். ஒரே ஒருவர்தான் அறையில் துணைக்கு இருக்கலாம். அவரையும் முதலில் கீழே விறாந்தையில் உட்கார வைத்து, மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துத்தான் மேலே அனுப்புவார்கள்.

விறாந்தை மேசையில் ஒரு மெசின் இருந்தது. பழைய ரேடியோ அளவுதான். முன்பெல்லாம் இந்தச் சோதனைக்கு மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு எப்போது வரும் என்று தவம் கிடக்க வேண்டும். இது அரை மணித்தியாலத்தில் கொரோனா, இன்புளுவென்சா, இன்னும் இருமலில் பரவும் ஏதேதோ வைரஸ்களை எல்லாம் பார்த்துச் சொல்லிவிடுமாம். கெட்டிக்கார மெசின் என்று நானே நர்ஸ் மிஸ்ஸிடம் மெச்சினேன். அரை மணித்தியாலம் கழித்து அவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, உங்களுக்குக் கொரோனா காட்டுது."

"அது இன்னுமா இருக்கு?" என்றேன். பக்கத்தில் காத்திருந்தவர் சிரித்தார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, கல்லு மாதிரி இருந்தேன். சில கிழமைகளுக்கு முன் தடிமன் வந்து, கொத்தமல்லித் தண்ணி குடித்து, சுகமாகி, அதை மறந்தே போயிருந்தேன்.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். "உங்க உடம்புல கிருமி செத்தே போயிருக்கலாம். ஆனா அதோட துண்டு துணுக்கு மிச்சம் இருந்தாலும் இந்த மெசின் பிடிச்சிரும். உயிரோட இருக்கா, செத்ததான்னு அது சொல்லாது. தங்கச்சி இருக்கிற நெலமைக்கு நாங்க துணிய ஏலாதும்மா."

"செத்த கிருமிக்குப் பயந்து உசுரோட இருக்கிற என்னைய வெளிய நிறுத்துறீங்களா?" என்று கத்தினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மேலே அவள் தனியே கிடந்தாள். வேறு யாரை அனுப்புவது? அவள் கணவர் டிக்கட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் தன் தங்கையை அனுப்பி வைத்தார்.

அந்த நாத்தனார் வந்து இறங்கியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்யாணப் பந்தியில், என் தங்கச்சியின் காதுபட, "லயத்துல வளந்தது தானே" என்று சொன்னவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் கதிரையில் உட்கார்ந்து மூக்கைக் காட்டினாள். மெசின் அவளுக்கு ஒன்றும் இல்லை, மேலே போகலாம் என்றது. முகக்கவசம், தொப்பி, நீல அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு என் இடத்துக்கு அவள் படியேறிப் போனாள்.

முதல் நாள் தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். மிஸ்தான் சொன்னார். கேட்டு எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மறுநாளும் குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி, த்ரீவீல் பிடித்து ஏறிப் போனேன். மறுபடி குச்சி, மறுபடி அதே பதில். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். விறாந்தை வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் மேலிருந்து வீடியோ கோலில் தங்கச்சியைக் காட்டினாள். ஒட்சிசன் போட்ட முகம் மட்டும் தெரிந்தது. "அக்கா கீழதான் இருக்கேன்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. யார் யாரோ என்னைத் தாண்டி மேலே போனார்கள், வந்தார்கள். எனக்கு அந்த மெசினைத் தூக்கி வீதியில் அடிக்கத் தோன்றியது.

பிறகு ஒரு நாள் பகலில் மிஸ் படியிறங்கி வந்தார். "மேல வாங்க அக்கா" என்றார்.

நான் பழக்கத்தில் சோதனைக் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

"அது இனி வேணாங்க்கா" என்றார்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. தங்கச்சி தூங்குவதுபோல் கிடந்தாள். முகக்கவசம்கூட இல்லாமல் அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதேன். யாரும் தடுக்கவில்லை. நாத்தனார் கால்மாட்டில் நின்றாள். முகத்தில் கவசம் அழுந்திய தழும்பு, கண்கள் வீங்கியிருந்தன.

"கஷ்டப்பட்டாளா?" என்று கேட்டேன். வருஷக்கணக்கில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"இல்லீங்க. நேத்துல இருந்து நெனவு சரியா இல்ல. இந்த உடுப்புக்குள்ள என்னைய அடையாளம் தெரியல. நீங்கதான்னு நெனச்சுக்கிட்டாங்க. 'அக்கா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் இல்லன்னு சொல்லல. 'இருக்கேன்'னேன்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம், 'அக்கா, என் நாத்தனா வந்துறப் போறா, கதவச் சாத்து'ன்னாங்க. நான் எழும்பிப் போயி கதவச் சாத்திட்டு வந்து, பக்கத்துல ஒக்காந்து கையப் புடிச்சுக்கிட்டேன். 'சாத்திட்டேன்டி, அவ வரமாட்டா'ன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் தூங்குனாங்க."