நான்காம் காரணம்

லுசுங்கு ஹரவா ஒன்பது வருடம் ஊர் ஊராகப் போய் மதிப்பெண் போட்டாள். அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்கள் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. நாற்றங்கால், ஊர்க்கூட்டம், ஆட்டக்குழு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தாள். நிரப்பிவிட்டுக் கீழே பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும் போட வேண்டும். அவள் எண் ஏழு. என் எண் மூன்று. நாங்கள் பதினான்கு பேரும் ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொரு வருடமும் நவம்பரில், முதல் மழைக்கு முன், கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது.

எங்களில் அவள்தான் கெட்டிக்காரி. எங்கள் வடக்கு மலைப்பக்கத்தில் வந்தவர் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்வதில்லை. கேட்டால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்பார்கள். நாங்கள் அதை எழுதிக்கொள்வோம். லுசுங்கு எழுதமாட்டாள். நாற்றங்காலில் பூவாளியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பாள். உள்ளே சிலந்தி வலை இருந்தால் அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்பாள்.

அவள் கணவன் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதை மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொல்வாள். ம்சூசூ நகரத்தில் இரண்டு அறை வாடகை வீடு. இரண்டு பெண்கள் விடுதிப் பள்ளியில் படித்தார்கள். இந்த வேலைதான் அவர்களைப் படிக்கவைத்தது.

அந்த வருடத் திட்டம் இப்படி. ஊரின் மலிபெங்கா குழு சுரைக்குடுக்கை ஊதி, முரசு அடித்து, வரிசைகட்டி ஆடி ஊரைக் கூட்டும். கூடியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து, புகையிலை உலர்த்த வெட்டி மொட்டையாக்கிய சரிவுகளில் எதில் கன்று நடுவது என்று பேசி முடிவெடுப்பார்கள். கன்றுக்கு நாற்பது மதிப்பெண், ஆட்டத்துக்கு இருபது, கூட்டத்துக்கு நாற்பது. ஐம்பதுக்குக் கீழே போனால் அடுத்த வருடம் அந்த ஊருக்கு விதை இல்லை, பை இல்லை, குழுவுக்குச் சம்பளம் இல்லை.

கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் காரணம் எழுத வேண்டும். ஒன்று மழை. இரண்டு வயல் வேலை. மூன்று வேறு கூட்டம். நான்கு ஆர்வமின்மை. ஐந்து மற்றவை. சாவு ஐந்தாவதில் வரும், அதற்காக ஓர் ஊரைத் தள்ளமாட்டார்கள். ஆனால் அதற்கு ஊர்த்தலைவர் முத்திரை குத்திய கடிதம் இணைக்க வேண்டும். அந்த விதி வந்ததற்கு ஒரு கதை உண்டு. முந்தைய வருடம் எங்களில் ஒருவன் வீட்டை விட்டு நகராமல் ஆறு ஊர்களுக்குச் சாவு என்று எழுதினான். ஓர் ஊரில் தலைவரையே சாகடித்துவிட்டான். அந்தத் தலைவர் சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்து, "என் அடக்கத்துக்கு நீங்க யாரும் வரலையே, வருத்தமா இருந்துச்சு" என்றார்.

இதில் ஒரு சிக்கலை அலுவலகம் யோசிக்கவில்லை. சாவு விழுந்த ஊரில் தலைவர் ஆண்களோடு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார். அடக்கம் முடியும்வரை அவர் முன்னால் காகிதத்தை நீட்டக் கூடாது. நீட்டினால் பிணத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் பேசியதுபோல. அதனால் அடக்கம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். சில சமயம் ஒரு நாள், சில சமயம் இரண்டு.

லுசுங்கு சிவிரிங்கா என்ற ஊருக்குப் போன வெள்ளிக்கிழமை அங்கே முரசுக்காரர் இறந்திருந்தார். மலிபெங்கா குழுவின் பெரிய முரசு அவருடையது. ஊரில் உரல் சத்தம் இல்லை, வயலில் ஆள் இல்லை. பாதையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்குள் போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். கேட்டவர்களிடம் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னாள். முரசுக்காரரின் மனைவி நியாகும்வெண்டா பாயில் சாய்ந்திருந்தாள். லுசுங்குவுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

பிறகு வெளியே வந்து நாற்றங்காலைப் பார்த்தாள். பூவாளிகள் ஈரமாக இருந்தன. கன்றுகளுக்கு முப்பத்து மூன்று போட்டாள். மரத்தடியில் பதினொரு பேர் இருந்தார்கள், எல்லாரும் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்த வெளியூர்க்காரர்கள். ஆட்டம் பூஜ்யம். கூட்டம் இரண்டு. அடக்கம் மறுநாள் காலையில் என்று அங்கிருந்த ஒருவன் சொன்னான். தங்கிவிட்டால் மதியத்துக்குள் முத்திரை கிடைத்துவிடும். அப்போது சாலையில் ம்சூசூ போகிற, ஆளையும் மூட்டையையும் ஏற்றும் மட்டோலா லாரி ஹாரன் அடித்தது. மூட்டைகளின் மேல் ஒரு இடம் இருந்தது. அவள் வீட்டை விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று இருந்தது. முழங்காலில் தாளை வைத்து, காரணம் என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதி, ஏழு என்று போட்டுவிட்டு, ஓடிப் போய் ஏறினாள்.

ஜனவரியில் மழைக்கு நடுவே சிவிரிங்காவிலிருந்து ஒருவர் அவள் வீட்டைத் தேடி வந்தார். லாங்வெல் லுஹாங்கா. மலிபெங்காவில் எல்லாருக்கும் பட்டாளப் பதவி உண்டு. அவர் சார்ஜென்ட். ஊரிலும் அப்படியே கூப்பிடுவார்கள். அவர் அவளை நியாஹரவா என்றார், ஹரவா குடும்பத்துப் பெண் என்ற மரியாதையில். முழங்கால்வரை சேறு. கையில் ஒரு பை மாம்பழம். அவள் சோளக்களியும் பூசணிக்கீரையும் வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னார். முப்பத்தைந்து மதிப்பெண் என்று தாள் வந்ததாம், ஆர்வமில்லாத ஊர் என்று எழுதியிருந்ததாம். தலைவர் அதை மரத்தில் ஒட்டச் சொன்னாராம்.

"பேரு போடல, நியாஹரவா. ஏழுன்னு மட்டும் இருக்கு. இப்ப ஊர்ல எவனாவது சாவுக்கு வராம மீன் வாங்கப் போனான்னா ஏழாம் நம்பருன்னுதான் கூப்பிடறோம். என் மச்சினனே ஏழாம் நம்பர்தான்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதை என்னிடம் சொல்லும்போது, சிரித்ததைத்தான் முதலில் சொன்னாள்.

அவர் வந்த காரணம் வேறு. அந்த மாதக் கடைசிக்குள் மேல்முறையீடு கொடுக்கலாம். கடிதத்தைப் பள்ளி ஆசிரியர் எழுதிவிட்டார். அன்று சாவு நடந்தது என்பதற்கு ஊரையோ பக்கத்து ஊரையோ சேராத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பாதிரியார் அன்று வரவில்லை, மூப்பர்தான் ஜெபம் சொன்னார். தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான். எங்கள் பக்கத்தில் குழி மூடியதும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் பெயரை உரக்கச் சொல்வது வழக்கம். அவள் பெயரையும் சொன்னார்களாம். வேலையாகத்தான் அந்தப் பக்கம் வந்தாள், இருந்தும் எட்டிப் பார்த்தாள் என்று சொல்லி ஊர் கைதட்டியதாம்.

"ஏதோ ஆபீஸ்காரன் வராமலே எழுதிட்டான். நீங்கதான் உள்ள வந்து உக்காந்தீங்க. நீங்க போட்டா அவன் வாய அடைச்சிடலாம்."

மதிப்பெண் போட வந்தவள் அவள்தான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அழுதுவிட்டுப் போனவள் அப்படி எழுதுவாள் என்று யாருக்குத் தோன்றும். அந்தக் கடிதத்தில் அவள் பெயர் இருந்தால் அலுவலகத்தில் பட்டியலை எடுத்து ஏழு யார் என்று பார்ப்பார்கள். அதோடு அவள் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் வரச் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, தன் உறவினர் வீட்டில் தங்கப் போனார்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்துப் போடாதே என்றேன். வேலையாக வந்தவர் சாட்சி சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாகச் சொல்லிவிடு, அவர் நம்புவார் என்றேன்.

"நம்புவாரு. அதான் பயமா இருக்கு" என்றாள்.

"பொண்ணுங்களுக்கு யாரு பீஸ் கட்டுவா?"

"நீ இதுவரைக்கும் எத்தன ஊருக்கு நாலு போட்ட?"

யோசித்தேன். "ரெண்டு இருக்கும்."

"சாவுன்னு தெரிஞ்சேவா?"

"ஒண்ணு சாவு. ஒண்ணு தெரியல. விசாரிக்கல."

"எந்த ஊரு?"

பெயர் நினைவில்லை என்றேன். அது உண்மைதான். அவள் கிளம்பிப் போனாள்.

காலையில் லாங்வெல் வந்ததும் கடிதத்தை வாங்கி முழுக்க வாசித்தாள். சாட்சி என்ற இடத்தில் பெயர் எழுதினாள். பக்கத்தில் ஏழு என்று எழுதினாள். கீழே நான்கு வரி எழுதினாள். நான் அன்று சாவு வீட்டுக்குப் போனேன், சாவு என்று தெரிந்தும் ஆர்வமின்மை என்று எழுதினேன், ஊர் சொல்வது சரி, நான் எழுதியது தவறு. தாளைத் திருப்பி அவரிடம் கொடுத்தாள்.

அவர் மெதுவாக வாசித்தார். கோபப்படவில்லை. பையில் எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார்.

"ஊர் பேர்ல போற கடுதாசிய ஊருக்கு முன்னாடி வாசிச்சுட்டுத்தான் அனுப்பணும்" என்றார். "இத என் வாயால வாசிக்க முடியாது, நியாஹரவா."

"நான் வரேன்."

இருவரும் ஒரே மட்டோலாவில் போனார்கள். வழியெல்லாம் மழை. அவர் தன் பிளாஸ்டிக் விரிப்பின் பாதியை அவள் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

மரத்தடியில் ஊர் கூடியது. இருநூறு பேருக்குக் குறையாது என்றாள். பழக்கத்தில் தலை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருக்கிறாள். நின்று வாசித்தாள். ஏழு என்ற இடத்தில் யாரோ பின்னால் சிரித்தார்கள், புரியாமல். புரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

தலைவர் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார், "துக்கத்துல இருக்கறவங்ககிட்ட காகிதம் நீட்டக் கூடாதுன்னு நெனச்சிருக்கா. நம்ம வழக்கம் தெரிஞ்ச பொண்ணு. அதனால வந்த தப்பு."

ஊர் அசைந்து உட்கார்ந்தது. ஆமாம், ஆமாம் என்றார்கள். லாங்வெல்லின் முகமும் தெளிந்தது. அவள் தலையை ஆட்டினால் போதும், அத்தோடு முடிந்திருக்கும்.

"அது காரணம் இல்ல, தலைவரே" என்றாள். "வண்டி வந்துடுச்சு. வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

பெண்கள் பக்கத்திலிருந்து நியாகும்வெண்டா பேசினாள். எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்டுல உக்காந்து அழுதியே. அது?"

"அது நெஜம், அக்கா."

"எவ்வளவு நேரம் கழிச்சு எழுதின?"

"கால் மணி நேரம் இருக்கும்."

நியாகும்வெண்டா மடியில் இருந்த குழந்தையை இன்னொரு தொடைக்கு மாற்றிக்கொண்டாள். தலைவர் முத்திரையைக் கொண்டுவரச் சொல்லி, கடிதத்தில் குத்தினார். விருந்தாளியைச் சாலைவரை வழியனுப்புவது வழக்கம். லாங்வெல் வந்தார். வண்டி வரும்வரை நின்றார். அடுத்த முறை வாருங்கள் என்று சொல்வதும் வழக்கம். அதை அவர் சொல்லவில்லை.

மார்ச்சில் சிவிரிங்காவைத் திரும்பப் பட்டியலில் சேர்த்தார்கள். நவம்பரில் லுசுங்குவைக் கூப்பிடவில்லை. பதின்மூன்று பேர் போனோம். அவள் பெண்கள் இப்போது பக்கத்திலுள்ள பகல் பள்ளியில் படிக்கிறார்கள். அவள் உரக்கடையில் மூட்டை எடை பார்க்கிறாள்.

எங்கள் தெருவில் யார் இறந்தாலும் போகிறாள். விறகு கொண்டுபோகிறாள், மாவு கொண்டுபோகிறாள், குழி மூடும்வரை இருக்கிறாள். ஆனால் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருக்கும்போது அழுகை வந்தால் எழுந்து வெளியே வந்துவிடுகிறாள். சமையல் நெருப்புப் பக்கம் போய் நின்று, அது அடங்கியபிறகு திரும்பப் போகிறாள். அழாமல் உட்கார்ந்திருக்கிறாளே, என்ன மனசு இது என்று பெண்கள் முணுமுணுக்கிறார்கள். போன வாரம் என் அண்ணன் மனைவியின் சாவில் என் காதாலேயே கேட்டேன். அவளுக்கும் கேட்டிருக்கும். பானையில் கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.