திரைச்சீலை, ஒன்று

பொதுமக்களில் ஒருவர் எழுதும் கடிதத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். முழுப் பதில் தயாரில்லை என்றால், கடிதம் கிடைத்ததையாவது எழுத்தில் அறிவிக்க வேண்டும். இந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். மாத்தளையில் நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தபால் பிரிவின் சுவரில் மாட்டியவனே நான்தான். சட்டத்துக்குப் பின்னால் பல்லி முட்டையிட்டது. வேறெந்த வகையிலும் அந்த விதி யாருக்கும் பயன்பட்டதாக நினைவில்லை.

என் படத்தைத் திருப்பித் தரும்படி வேறோர் அலுவலகத்துக்கு நான் நான்கு கடிதங்கள் எழுதினேன். அது எப்படி அங்கே போய் மாட்டிக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டுமானால், ஓய்வு பெற்ற ஒருவன் ஏன் பத்திக் துணியில் படம் வரையப் புறப்பட்டான் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், தம்புள்ளை வீதியில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்து வைத்திருக்கும் ஒரு கடையில் பத்திக் துணியில் மயில் படமொன்றைப் பார்த்தேன். மயிலின் கழுத்து வாத்தின் கழுத்தாக இருந்தது. கடைப் பெண்ணிடம் சிங்களத்தில் சுட்டிக்காட்டினேன். அவரும் மிக மரியாதையாக, அப்படியானால் ஐயாவே ஒன்று வரைந்து கொண்டுவரலாமே என்றார். நான் அதை எழுத்துமூல அறிவுறுத்தலாக எடுத்துக்கொண்டேன்.

பத்திக் வேலை கேட்பதற்கு எளிது. உருக்கிய மெழுகால் துணியில் வரைய வேண்டும். பிறகு சாயத்தில் தோய்க்க வேண்டும். மெழுகு பட்ட இடம் சாயத்தைப் பிடிக்காது. வெளிர் நிறத்தில் தொடங்கி, காப்பாற்ற வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக மெழுகால் மூடிக்கொண்டே கடும் நிறத்துக்குப் போக வேண்டும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால் படம். முப்பத்திரண்டு வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான கலை இல்லை என்று தோன்றியது. மூடி வைப்பதுதான் முழு வேலையும்.

எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. கைபேசியில் ஓர் இந்தோனேசியப் பெண்ணின் காணொளிகளைப் பார்த்தேன். மொழி புரியவில்லை. சுற்றறிக்கைகளைப் புரியாமலே அமல்படுத்திப் பழகியிருந்ததால் அது ஒரு தடையாகப்படவில்லை. பின்வாசல் கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தேன். தேன்மெழுகும் பரஃபினும் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் முன்னால், ‘மெழுகு: பொது’ என்று ஒரு கோப்புத் திறந்தேன்.

முதல் வருடம் வந்தவை எல்லாம் துணிகளாகவே இருந்தன. மெழுகு சூடு குறைந்தால் துணியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அடியில் சாயத்தை உள்ளே விட்டது. சூடு கூடினால் நான் வரையாத இடங்களுக்கும் ஓடியது. என் மனைவி கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தவறான விடைக்கு இரக்கப்பட்டுப் புள்ளி கொடுத்தவர் அல்லர். யானை ஒன்றை முடித்து அவரிடம் காட்டினேன். அவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “கேஸ் சிலிண்டர அச்சு அசலா வரைஞ்சிருக்கீங்க” என்றார். மற்றவற்றுக்கெல்லாம் அவரிடம் ஒரே தீர்ப்புதான்: துணி நல்ல துணி. அந்த நல்ல துணிகள் சலவை இயந்திரத்துக்கு உறையாகவும், பிறகு நிலம் துடைக்கவும் போயின.

ஒருநாள் மொத்த விலைக்கு வெங்காயம் வாங்கலாம் என்று தம்புள்ளைச் சந்தைக்கு பஸ்ஸில் போனேன். லொறிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. நடுவில் ஒருவன் தன்னைவிடப் பெரிய முட்டைக்கோவா மூட்டையைத் தலையில் வைத்து நடந்து போனான். மூட்டை முகத்தை மறைத்திருந்தது. கால்கள் மட்டும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு போயின. அதை மனைவி கொடுத்த சாமான் பட்டியலின் பின்பக்கத்தில் வரைந்தேன். வெங்காயம் வாங்க மறந்தேன். அந்தக் குற்றச்சாட்டு இன்னும் நிலுவையில் உள்ளது.

படத்தை ஒன்றரை மீற்றர் பொப்ளின் துணியில் தொடங்கினேன். மஞ்சள், பச்சை, காவி என்று மூன்று சாயம் முடிந்து, கடைசிக் கடும் நீலத்துக்காக மூட்டைக்காரனையும் லொறிகளையும் முழுக்க மெழுகால் மூடியாயிற்று. அப்போது மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். இந்த இடத்தில்தான் பயிற்சி பெற்ற எந்தக் கலைஞனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். மேசையில் விரித்த எதையும் எழுந்து போகும்போது நான்காக மடித்து, ஓரங்களைச் சரிபார்த்து, மேலே பாரம் வைத்துவிட்டுப் போவது என் அலுவலகப் பழக்கம். மெழுகு காய்ந்த துணியையும் அப்படியே மடித்து, மேலே கல்லை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து விரித்தபோது, மெழுகு வறண்ட குளம் போல வெடித்திருந்தது. நடுவில் ஒரு பெரிய சிலுவை. அதிலிருந்து நாலாபக்கமும் கிளை கிளையாகக் கீறல்கள். மூன்று வார வேலை. எறிந்திருப்பேன். ஆனால் நீலச் சாயத்தைக் கரைத்து வைத்திருந்தேன், அது காத்திருக்காது. வீணாகும் பொருளை இன்னொரு வீணான பொருளில் பயன்படுத்துவது சிக்கனம் என்று தோய்த்துவிட்டேன்.

கொதிநீரில் மெழுகு கழன்றதும் கொடியில் போட்டேன். வெடிப்புகளுக்குள் நீலம் புகுந்து, படம் முழுக்கச் சாய்வாக மழை பெய்துகொண்டிருந்தது. நடுச் சிலுவை மூட்டையின் மேல் விழுந்து, அதை இறுக்கிக் கட்டிய கயிறாகியிருந்தது. மழையையும் கயிற்றையும் நான் வரையவில்லை. கல்லும் என் மேசைப் பழக்கமும் வரைந்தவை.

தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்த மனைவி நின்றார். நான் அந்த ‘நல்ல துணி’க்காகக் காத்திருந்தேன்.

“இந்த ஆளு இவ்வளவு பாரத்தத் தூக்கிக்கிட்டு எங்கங்க போறான்?”

லொறிக்கு என்றேன்.

“லொறி அவன் பின்னுக்குத்தானே நிக்குது.”

உண்மைதான். நான் ஆளைத் திருப்பி வரைந்திருந்தேன். அவர் அதற்கு மேல் குறை சொல்லவில்லை. தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் அவரே ஓர் ஆணி அடித்தார். என் படங்களில் ஒன்றில் ஆள் ஒருவன் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

படத்தை அந்த ஆணியில் மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் மாவட்டக் கலைக் கண்காட்சி பற்றிய அறிவித்தல் வந்தது. ‘நுண்கலை’ என்று ஒரு பிரிவு இருந்தது. கண்காட்சி முடியட்டும், பிறகு மாட்டலாம் என்றேன். “அப்ப ஆணிய ஏன் அடிச்சேன்?” என்று கேட்டுவிட்டு, அவர் ஆணியில் நாட்காட்டியைத் தொங்கவிட்டார்.

படத்தைக் கையளிக்கப் போன அலுவலகத்தில் களஞ்சியப் பொறுப்பாக இருந்த பெண்மணி, ஒரு காலத்தில் என் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்கும் ஓய்வு பெற மூன்று வருடமே இருந்தது. மற்றவர்கள் படங்களை மேசையில் வைத்துவிட்டுப் பெயரைச் சொல்லிப் போனார்கள். நான் பற்றுச்சீட்டுக் கேட்டேன். கண்காட்சிக்கென்று பற்றுச்சீட்டு அச்சடிக்கவில்லை, இருப்பது அலுவலகத்துக்கு வரும் பொருட்களை ஏற்கும் புத்தகம் மட்டும்தான் என்றார். அதில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். படிவத்தை எப்படி நிரப்புவது என்று நானே காட்டிக் கொடுத்தேன். பொருள் விபரத்தில் ‘சித்திரத் துணி, ஒன்று’ என்று எழுதினார். தருநர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். மூன்று பிரதிகள். வீட்டுக்கு வரும் வழியில், அங்கே வந்த நாற்பது பேரில் முறைப்படி நடந்துகொண்டவன் நான் ஒருவன்தான் என்று பெருமையாக இருந்தது.

கண்காட்சியில் நுண்கலைப் பிரிவை இரண்டு தடவை சுற்றினோம். படம் இல்லை. கைப்பணிப் பிரிவில் தும்புத் துடைப்பான்களுக்கு நடுவிலும் தேடினேன். அங்கும் இல்லை. மனைவிதான் கண்டுபிடித்தார். விருந்தினர் தேநீர் அருந்தும் அறையில், கை கழுவும் தொட்டியை மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தையல் போடவில்லை; ஊசி குத்தியிருந்தார்கள். மூட்டைக்காரன் மடிப்புக்குள் போய்விட்டான். ஒரு பெரிய மனிதர் கை கழுவிவிட்டு வந்து, என் லொறியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கோணாம மாட்டியிருக்காங்க” என்றார் மனைவி.

கண்காட்சி முடிந்து எல்லோரும் படங்களை எடுத்துப்போனார்கள். எனக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. பற்றுச்சீட்டுப்படி என் படம் அலுவலகத்துக்கு வந்த பொருள்; வந்த பொருள் பதிவேட்டில் ஏற வேண்டும்; ஏறிவிட்டது. பயன்பாட்டைப் பார்த்து ‘திரைச்சீலை, ஒன்று’ என்று ஏற்றியிருந்தார்கள். பதிவேட்டில் ஏறிய பொருளை யாருக்கும் சும்மா கொடுக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை பொருட்களைப் பார்வையிட வரும் ‘போர்ட் ஒஃப் சேர்வே’தான் கழிக்க வேண்டும்.

அந்தப் பெண்மணி இதை விளக்கத் தொடங்கியதும் நான் கையமர்த்தினேன். எனக்குத் தெரியும். பல்லேகமவில் கடமையாற்றிய காலத்தில், ஒரு கூட்டத்துக்கு இரவலாகக் கொடுத்த மின்விசிறியைத் திருப்பிக் கேட்டு வந்த பாடசாலை அதிபர் ஒருவருக்கு இதே விதியைச் சொல்லி நான் கடிதம் எழுதியிருக்கிறேன். நல்ல கடிதம். ‘வருந்துகிறேன்’ என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். மின்விசிறி அவருக்குக் கிடைக்கவில்லை.

முதல் மூன்று கடிதங்களை மாதத்துக்கு ஒன்றாக எழுதினேன். முந்தியதன் இலக்கத்தைத் தவறாமல் குறிப்பிட்டேன். பதில் இல்லை. நேரில் போனபோது அந்தப் பெண்மணி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சேர், அடுத்த மாசம் போர்ட் வருது. பழைய துணியெல்லாம் எரிப்பாங்க. நீங்க பேசாம ஒரு திரைச்சீலை வாங்கிட்டு வாங்க. அத மாட்டிட்டு இத உருவிக் குடுக்குறேன். எண்ணிக்கை சரியா இருந்தா போதும்.”

எரிப்பார்கள் என்பதும் எனக்குப் புதிய செய்தி அல்ல. அப்படிப் பல குவியல்கள் முன்னால் நின்று, முற்றாக எரிந்ததென்று கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனாலும் அது பதிவேட்டைப் பொய்யாக்கும் செயல், நான் உடன்பட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பழைய அதிபர் தெரிந்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

“அந்த ஆளு எரியட்டும். பதிவேடு பத்திரமா இருக்கட்டும்.”

அன்று பிற்பகலே பொப்ளின் வெட்டி அதே படத்தைத் திரும்பவும் தொடங்கினேன். அதே மெழுகு, அதே மடிப்பு, அதே கல். இரவு பகலாக, வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை செய்தேன். வேண்டுமென்று மடித்தபோது மெழுகு தட்டுத் தட்டாக உதிர்ந்தது. நீலம் திட்டாக இறங்கியது. மழை வரவில்லை. சலவை இயந்திரத்துக்கு மூன்று புதிய உறைகள் கிடைத்தன. அதன் பிறகு நான்காவது கடிதத்தை எழுதினேன். அதில் விதி எதையும் குறிப்பிடவில்லை. அந்தத் துணியில் இருப்பவன் லொறிக்கு எதிர்ப்பக்கமாக நடக்கிறான், அவன் எங்கே போகிறான் என்று என் மனைவி கேட்டார், அவர் பார்க்கும் சுவரில் அவனுக்கென்று அடித்த ஆணியில் நாட்காட்டி தொங்குகிறது என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிக மோசமான உத்தியோகபூர்வக் கடிதம் அது. எந்தக் கோப்பிலும் போட முடியாது.

போர்ட் வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். போய் விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வருடம் மாறியது. மனைவி அதே ஆணியில் புதிய நாட்காட்டியைப் போட்டார்.

ஒரு காலை நீள உறையில் பதில் வந்தது. அடுக்களை வாசலில் நின்று உரக்க வாசித்தேன். மேற்படி திரைச்சீலை சபையால் பரிசோதிக்கப்பட்டது. அதன் நடுவிலும் ஏனைய பகுதிகளிலும் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புக் கோடுகள் விழுந்து சீர்செய்ய முடியாதவாறு பழுதடைந்திருப்பதால், பாவனைக்கு உதவாதது எனக் கழிக்கப்பட்டது. எரிப்பதற்குப் பதிலாக, தருநர் விரும்பினால் பதினான்கு நாட்களுக்குள் தமது சொந்தச் செலவில் அதை அகற்றிக்கொள்ளலாம். கீழே களஞ்சியப் பொறுப்பாளரின் கையெழுத்து. ‘வருந்துகிறோம்’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போய் ஆணியிலிருந்து நாட்காட்டியைக் கழற்றினார். கொடுங்கள், கடிதம் கிடைத்த திகதியைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் தரவில்லை. பார்த்து வாசித்தார்: பெப்ரவரி பதினோராம் திகதி.