வெர்னா நம்பாத மீட்டர்

வெர்னா கொவாலிக் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, என் சிநேகிதி. அமெரிக்காவில் எங்கள் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் காற்றுத் துப்பாக்கி சுடுகிற யாரிடம் கேட்டாலும் அவளைத் தெரியும் என்பார்கள். மாநிலப் போட்டியில் அவளும் ஆர்லோ ஹஸ்கனும் சமமாக வந்து நின்ற மதியத்திலிருந்துதான் அந்தப் பெயர்.

யார் முதல் என்று தீர்க்க இருவரும் மறுபடி சுட வேண்டும். வெர்னா தன் துப்பாக்கியில் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தாள். முள் நூற்றிருபது 'பார்' அழுத்தத்தில் நின்றது. அந்தக் காற்று போதாது.

"காலைல ரொப்புனேனே, எங்க போச்சு?" என்று முனகினாள். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெரிய சிலிண்டரின் குழாயை மாட்டி, வால்வை நூலளவு திறந்தாள்.

"கொழந்தைக்குப் புட்டிப்பால் குடுக்குறா பாரு! நல்லா தொறம்மா, பொழுது போகுது," என்றான் ஆர்லோ. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் குழாயிலிருந்த இன்னொரு மீட்டரைப் பார்த்தாள். அதில் முள் விறுவிறுவென்று ஏறியது. துப்பாக்கிக்குள் நூற்றிருபதுதான் என்றால், அந்த இடத்திலேயே காற்று உள்ளே புக ஆரம்பித்து முள்ளின் வேகம் குறைந்திருக்க வேண்டும். அதுவோ இருநூறைத் தாண்டித்தான் தயங்கியது. துப்பாக்கியின் முள் அசையவே இல்லை.

வெர்னா வால்வை மூடினாள். குழாயில் நின்ற காற்றைப் புஸ்ஸென்று வெளியே விட்டபிறகே கழற்றினாள்.

"என்னடி, ரொப்பாமலே எடுத்துட்ட?" என்று கேட்டேன்.

"உள்ள நெறைய இருக்குடி. முள்ளுதான் சிக்கியிருக்கு. அது ஏறட்டும்னு பாத்துட்டே நின்னிருந்தா, இது தாங்குற அளவைத் தாண்டிப் போயிருக்கும்."

"பாதியில தீந்துட்டா?"

"தீராது."

குறியாக நிறுத்தியிருந்த தகர அணில்களில் ஆர்லோ இரண்டைத் தவறவிட்டான். வெர்னா மூன்றாவதில் தவறினாள். "காத்து போச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"காத்து போகல, வீசுது," என்றாள், மரக்கிளைகளைப் பார்த்தபடி. குறியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அதன்பின் ஒவ்வொரு அணிலும் படக் படக்கென்று சாய்ந்தது. கடைசி அணில் விழுந்தபோது நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது.

புது மீட்டர் வருகிறவரை அந்தத் துப்பாக்கியில் அவள் காற்று ஏற்றவில்லை. அடுத்த போட்டிக்கு யாரிடமோ இரவல் வாங்கிச் சுட்டு, ஒன்பதாவதாக வந்து, அங்கே போட்ட வறுத்த மீனைச் சந்தோஷமாகச் சாப்பிட்டாள். இப்போது எங்கள் கிளப்பில் யார் காற்று ஏற்றினாலும் இரண்டு முள்ளையும் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்.