கழற்றியவர் மாட்ட வேண்டும்

சர்வீஸ் முடித்த கையோடு காரில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், பிரித்தவன் வேண்டுமென்றே ஏதோ ஒரு ஒயரைக் கழற்றி விட்டிருக்கிறான் என்று அர்த்தமாம். கண்ணாடிக் கடையில் பிரேம் விற்கிற பெண்ணுக்கு இதைச் சொன்னவர் அவளுடைய மாமனார். மாமனாருக்குச் சொன்னவர் அவரோடு காலையில் நடக்கப் போகிற யாரோ ஒருவர். அந்த யாரோவுக்கு யார் சொன்னார்கள் என்று அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"எதுக்காம்?" என்று கேட்டார் அதே கடையில் கண் பரிசோதிக்கிறவர்.

"நாம திரும்ப அவங்ககிட்டயே போய் நிக்கணும்ல சார், அதுக்குத்தான். உங்க வண்டியை யார் பிரிச்சது?"

"எங்க வீட்டு மாப்பிள்ளை."

"அப்ப தப்பிச்சீங்க. மாப்பிள்ளை கூலி கேக்க மாட்டார், மரியாதை மட்டும்தான் கேப்பார்."

அவர் சிரித்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது என்பதை அவர் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாயைத் திறப்பதுதான் அவர் தொழில். இருட்டு அறையில் ஒருவரை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்பார். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு என்று சிலர் சொன்னால் கோபப்பட மாட்டார். மறுபடி முதலிலிருந்து போடுவார். தன் கல்யாணத்தை நாளைக்கு, நாளை மறுநாள் என்று அவர் தள்ளிப்போட்டு வர, தலை நரைத்த பிறகு அந்தப் பேச்சை வீட்டில் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். தங்கையும் அவள் கணவரான அந்த மாப்பிள்ளையும் அவரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே கார்.

அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றுவதும் பிளக் மாற்றுவதும் மச்சானும் மாப்பிள்ளையுமாகச் செய்கிற ஞாயிற்றுக்கிழமை வேலை. கீழே படுத்து எண்ணெய் வடிப்பது இவர் பங்கு. பானெட்டைத் திறந்து மேலே உள்ளதையெல்லாம் பிரிப்பது மாப்பிள்ளை பங்கு. முன்பு ஒருமுறை அடியிலிருக்கும் போல்ட்டை அவர் முடுக்கியிருப்பார் என்று இவரும், இவர் முடுக்கியிருப்பார் என்று அவரும் இருந்துவிட, தெருமுனை வரைக்கும் எண்ணெய் கோலம் போட்டுக்கொண்டு போனது. அன்றைக்குப் பிறந்த சட்டம்தான், கழற்றியவர் மாட்ட வேண்டும். ஒருவர் கழற்றியதை இன்னொருவர் தொடக்கூடாது.

மாப்பிள்ளைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பாதியில் விட்ட எந்த வேலையிலும் பழைய பனியன் துணியைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார், திரும்பி வந்து முடிக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக. குளியலறைக் குழாயில் ஒரு முடிச்சு, ஜன்னல் கொக்கியில் ஒரு முடிச்சு. "உங்க காதுல ஒண்ணு கட்டிவிட்டாத்தான் நீங்க எதையும் முடிப்பீங்க" என்று தங்கை சொல்லுவாள். "அதுக்கு ஒரு பனியன் போதாதும்மா" என்பார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. நடுவில் மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கிளிப் உடைஞ்சுபோச்சு மச்சான், கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றார். இவர் வண்டிக்கு அடியிலிருந்தபடி அவருடைய செருப்பு போவதைப் பார்த்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இவர் புது எண்ணெயை அவசரமாக ஊற்றி, வேறெதையும் பார்க்காமல் பானெட்டை மூடினார், கருவிப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தார். சாயங்காலம் தங்கையின் போனுக்குச் செய்தி வந்தது. நல்லா இருக்கேன், என்னைத் தேடாதீங்க. அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

சண்டை எதுவும் நடக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கு வேலை போய், மாப்பிள்ளை சில மாதங்களாக வீட்டில் இருந்தார். பேச்சு குறைந்திருந்தது. யார்தான் அதிகம் பேசுகிறார்கள் என்று இவர் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து எரிகிறது. வண்டி ஓடியது, இவரும் ஓட்டினார். மெக்கானிக்கிடம் காட்டவில்லை, பானெட்டைத் திறக்கவுமில்லை. அவர் பிரித்ததை அவர் வந்து மாட்டட்டும். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து வரும் நாட்களில் விளக்கையும் பார்ப்பாள், ஜன்னலுக்கு வெளியேயும் பார்ப்பாள். ஒன்றும் கேட்டதில்லை.

கடையில் அந்த மாமனார் கதையைக் கேட்ட சாயங்காலம், தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக் கட்டடத்தின் கீழே வண்டியை நிறுத்தியபோது, அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதை எப்பண்ணா சரி பண்ணுவ?"

"அவர் வந்து மாட்டட்டும்."

"வரலைன்னா?"

அந்த வார்த்தையை வீட்டில் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவருக்கு அது எங்கேயும் படவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுவதுபோல, கிள்ளுவது மட்டும் தெரிந்தது.

"வேணும்னே ஒயரைக் கழட்டி விட்டிருப்பாங்கன்னு கடையில சொல்றாங்க" என்றார்.

"திற. பாப்போம்."

"நாம தொடக்கூடாது."

"உங்க சட்டத்தை நீங்க ரெண்டு பேரும் வச்சுக்கோங்க. நான் அதுல கையெழுத்துப் போடல."

திறந்தார். அவள் போனின் வெளிச்சத்தைப் பிடித்தாள். காற்று வடிகட்டிப் பெட்டியின் பக்கத்தில், சென்சாரில் மாட்ட வேண்டிய ஒயர் ஒன்று தனியாக நின்றது. தொங்கவில்லை. பக்கத்துக் குழாயோடு சேர்த்து வெள்ளைப் பனியன் துணியால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

தங்கை வெளிச்சத்தை முடிச்சுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனாள். பிறகு மெதுவாக, "வந்து முடிக்கணும்னுதான் கட்டியிருக்கார்" என்றாள். "போகணும்னு நினைச்சவர் எதுக்குக் கட்டணும்? கடைக்குத்தான் கிளம்பியிருக்கார். போற வழியிலதான் என்னமோ ஆயிருக்கு."

அவருக்குக் கருவிப் பெட்டி நினைவு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி துடைத்து வைக்கலாமென்று திறந்தபோது, ஸ்பானர்கள் எல்லாம் ஏற்கெனவே துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தன. இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை ஒரு ஸ்பானரைத் துடைத்து அவர் பார்த்ததில்லை. திரும்பி வரப்போகிறவர் எதற்காகத் துடைத்து வைக்க வேண்டும்? முடிச்சு ஒன்று சொன்னது, ஸ்பானர் வேறொன்று சொன்னது. இது தெளிவா, அது தெளிவா? ஸ்பானர் விஷயத்தைத் தங்கையிடம் அவர் சொல்லவில்லை.

"அவிழ்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ம்."

முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்து, துணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒயரை அவளே சென்சாரில் அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். இவ்வளவுதான்.

அவர் உள்ளே போய் வண்டியைக் கிளப்பினார். விளக்கு எரிந்தது.

"இன்னும் எரியுதே."

"உடனே அணையாது. சில தடவை ஓட்டணும். எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு அதுவே பாத்துட்டு, அப்புறமாத்தான் அணையும்."

"சரி பண்ணினாலும் நம்பாதா?"

"நம்பாது."

அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "நீ ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடலைல்ல" என்றாள்.

கூப்பிட்டதில்லை. தேடாதீங்க என்று எழுதியவரைக் கூப்பிட்டு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வண்டியைப் பத்திக் கேளு. மஞ்சள் விளக்கு எரியுது மாப்பிள்ளை, என்ன பண்றதுன்னு கேளு. வேற எதுவும் கேக்காத. நான் பக்கத்துல இருக்கேன்னும் சொல்லாத."

"ஒயரைத்தான் மாட்டியாச்சே."

"அது அவருக்குத் தெரியாதுல்ல."

அவர் எண்ணைத் தேடி அழுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டிச் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினாள், அந்தப் பக்கம் எடுத்தால் சரியாகக் கேட்க வேண்டும் என்று. வண்டிக்குள் அமைதியானது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது. தங்கை கைப்பையைத் திறந்து அந்தத் துணியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.