நடுசீட்டில் விரித்த படுக்கை: செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் வரை

கடந்த பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சிதம்பரம் போய் வந்தேன். கோயிலுக்கோ பிச்சாவரத்துக்கோ அல்ல. என் மகள் ஸ்டெல்லாவுக்குச் சென்னையில் கருத்தரிப்புச் சிகிச்சை இரண்டு முறை நடந்தும் பலிக்கவில்லை. இரண்டாவது கரு, இதயத் துடிப்பைக் காட்டிவிட்டுக் கலைந்தது. மூன்றாவது முறையாகச் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் கரு வைக்கப்போகிறார்கள் என்று சொன்னாள். அதை நம்பித்தான் கிளம்பினேன்.

இதே காரியத்துக்குப் போகிறவர்கள் பேருந்தை நினைக்க வேண்டாம். கரு வைத்த பெண்ணைக் குலுங்காமல் படுக்க வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் அழைத்து வருவார்கள். அதற்கு அவசியமில்லை என்று சென்னை டாக்டர் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. காத்திருப்பும் சேர்த்து 2,600 ரூபாய்க்கு ஏழு பேர் வண்டி ஒன்றைப் பேசி, நடுசீட்டில் மெத்தை விரித்து, இரண்டு தலையணை போட்டேன். ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று டிரைவர் குமாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"நாப்பதுல போனா சைக்கிள்காரன் சிரிப்பாம்மா" என்றார்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

முந்தின நாளே புதுச்சேரியிலிருந்து வந்திருந்த மகள், மாப்பிள்ளையோடு காலை ஏழு மணிக்குச் செம்மண்டலத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பி, குறிஞ்சிப்பாடி வழியாகப் புவனகிரி போனோம். மொத்தத் தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வரும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு காணாமற்போன என் இளநீல நூல் புடவையைப் பற்றியும், அதைத் தொலைத்த இஸ்திரிக்காரரைப் பற்றியும் வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். மகளும் மாப்பிள்ளையும் வாய் திறக்கவில்லை. பயத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

புவனகிரியில் காபிக்கு நிறுத்தினோம். பதினைந்து ரூபாய், தண்ணீராக இருந்தது. மாப்பிள்ளை டம்ளர்களைத் திருப்பிக் கொடுக்கப் போன நேரத்தில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நாம ஆஸ்பத்திரிக்குப் போவல. கொழந்தைங்க இல்லத்துக்குப் போறோம். பொண்ணு. ஏழு மாசம் ஆவுது. இன்னைக்கு நம்மகிட்ட குடுக்குறாங்க."

தத்தெடுக்கும் பேச்சை என் வீட்டில் எடுக்க வேண்டாம் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்னவள் நான். யார் பெற்ற பிள்ளையோ என்றும் சொன்னேன். அந்த வாரமே இருவரும் பதிவு செய்துவிட்டார்களாம். புதுச்சேரியில் அவர்கள் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து விசாரித்துப் போனதும் எனக்குத் தெரியாது. இனி சிகிச்சையே இல்லையாம்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வண்டியில ஏறியிருக்க மாட்டீங்க" என்றாள். "பிடிக்கலன்னா உள்ள வர வேணாம், கார்லயே இருங்க. ஆனா ஒண்ணு, அவ முன்னாடி மொகத்தத் திருப்பிக்காதீங்க. அப்படிப் பண்ணீங்கன்னா நான் செம்மண்டலத்துக்கு இனிமே வர மாட்டேன்."

என் மகள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும், சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் எனக்கு நினைவில்லை. அந்தப் பகுதியின் சாலை நிலவரம் கேட்பவர்கள் மன்னிக்கவும்.

இல்லத்தின் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. தாகத்துக்குத்தான் உள்ளே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் ஆயம்மா ஒருவர் குழந்தையை என் மகள் மடியில் விட்டுக்கொண்டிருந்தார். குழந்தையின் கையில் ஓர் இளநீலத் துணி. முந்தானைக் கிழிசலில் ஒரு இழை மேலும் ஒரு இழை கீழுமாகத் தைத்திருந்தது. கான்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர் மூன்று முறை பிரிக்க வைத்துக் கற்றுக்கொடுத்த தையல் அது. என் தையல். என் புடவை.

"இது இல்லாம தூங்கமாட்டாம்மா" என்றார் ஆயம்மா. "தொவைச்சா வாசம் போயிடுதுன்னு அதுக்கும் அழுவுறா."

புதிய வீட்டின் வாசனை பழகட்டும் என்று, கட்டிய துணி ஒன்றை முன்னதாகவே கேட்டு வாங்கிக் குழந்தையிடம் கொடுப்பது அந்த இல்லத்தின் வழக்கமாம்.

"உன் புடவையைக் கொடுத்திருக்கலாமே" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச வீட்டு வாசம் இதுதாம்மா" என்றாள் ஸ்டெல்லா.

குழந்தை என்னையே பார்த்தது. பிறகு கையை நீட்டியது. தூக்கினேன். என் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்துவிட்டு, அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு இடமே இருக்கவில்லை.

திரும்பும்போது விரித்த படுக்கையில் அவள்தான் படுத்திருந்தாள், இரு பக்கமும் தலையணை அணைவாக. ஃபிளாஸ்க் வெந்நீர் பால் கரைக்க உதவியது. எவ்வளவில் போகட்டும் என்று குமார் கேட்டார். முப்பது என்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குறிஞ்சிப்பாடி வழியிலேயே போங்கள். குழந்தையைக் கையில் கொடுத்த பிறகும் மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு உத்தரவு வரக் காத்திருக்க வேண்டும், பதற வேண்டாம். இஸ்திரிக்காரரிடம் மறுநாளே வருத்தம் தெரிவித்துவிட்டேன். துணி கேட்டால் நல்ல நூல் புடவையாகக் கொடுங்கள். அது திரும்பி வராது. என் அலமாரியிலிருந்து இதோடு இரண்டாவதும் போய்விட்டது; இந்த முறை நானே எடுத்துக் கொடுத்தேன், ஒரு வாரம் கட்டிவிட்டு, துவைக்காமல்.